கணினிக்குப் போன கையெழுத்து

மகேலாங் ஊரில் நிங்ருமின் கையெழுத்து அவள் கையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, தேம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில். அன்றிலிருந்து எந்தப் பேனாவைப் பிடித்தாலும் அவளுக்குத் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. அடுத்தவர் கையில் அதே பேனா ஒழுங்காக எழுதியது.

காரணம் அவள் ‘மாஸ்’ என்று கூப்பிடும் கணவன் பிரயித்னோ. அவர்கள் தெருவில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினி எழுத்துரு செய்து பிழைக்கிறவர்கள். போகிற போக்கில் கையால் கிறுக்கியது போலிருக்கும் எழுத்துக்குத்தான் கிராக்கி. அந்த அலட்சியம் வருவதற்கு மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். வழக்கமாக மனைவியையோ தங்கையையோ உட்காரவைத்து இருபத்தாறு ஆங்கில எழுத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குவார்கள். பிரயித்னோ சோம்பல்பட்டு, கல்யாணத்துக்கு முன் நிங்ரும் தனக்கு எழுதிய ஒரே காதல் கடிதத்திலிருந்து எழுத்துகளை உருவிக்கொண்டான். கடிதம் வெள்ளைத் தாளாகிவிட்டது. எழுத்துரு அமோகமாக விற்றது.

சோப்புக்காரர்கள் வாங்கினார்கள், காப்பிக் கடைகள் வாங்கின, கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் வாங்கினார்கள். அதில் அச்சடித்த எதைப் படித்தாலும் யாரோ தன்னை உருகி உருகி நேசிப்பதாகத் தோன்றியது. மூன்று நாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு ஜனங்கள் வெட்கப்பட்டார்கள். ஒரு பெரியவர் மூலநோய் மருந்தின் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஆற்றோரத்தில் இருந்த அந்தத் தெருவில் விடுதி கட்ட வந்த ஒரு கம்பெனி, முப்பது நாளில் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அந்த எழுத்திலேயே வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியது. தெருவே பூரித்துப்போய் மூட்டை கட்டியது. தெருத் தலைவர் பாக் சும்போனோ ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுபோய்க் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிரயித்னோ தலையணைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ அன்பா போகச் சொல்றாங்க பாரு" என்றான்.

நிங்ரும் அவன் கையிலிருந்த தலையணையைப் பிடுங்கினாள். அவள் பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு.

"மாஸ், அது நான் உங்களுக்கு எழுதின எழுத்து. இப்ப எவனோ அதுல வந்து பேசுறான். எழுத்தப் பாக்காதீங்க, என்ன சொல்றான்னு பாருங்க."

கணினியில் உட்கார்ந்தாள். அரசாங்க அலுவலகக் கடிதங்களில் வருமே, அந்த வறட்டு எழுத்தில், நோட்டீஸை ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்து எல்லார் வீட்டிலும் பழையதன் மேலேயே ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் மூட்டைகள் அவிழ்ந்தன. பாக் சும்போனோ போய்ப் பலகாரத் தட்டைத் திருப்பி வாங்கி வந்தார், தட்டு காலியாக இருந்ததற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு. முப்பது நாளும் போயிற்று, ஒருவரும் நகரவில்லை. கம்பெனி வேறு ஆற்றைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

கையெழுத்து மட்டும் திரும்பவே இல்லை. இன்னொரு கடிதம் கேட்டுப் பிரயித்னோ பல வருஷம் பின்னாலேயே சுற்றினான். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது மேசையில் ஒரு தாள் இருந்தது. அதே வறட்டு எழுத்து: "சோறு மூடி வைத்திருக்கிறேன். சம்பல் உறைப்பு. பார்த்துச் சாப்பிடுங்கள்."

மூன்று தடவை படித்தான். கண் கலங்கியது. தாளை மடித்து, பீரோவில் அந்த வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சம்பல் உறைப்பாகத்தான் இருந்தது.