மூக்காயி கட்டிய கிளிப்பச்சை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு நான் இலங்கையில் ஓப்பநாயக்க ஊரிலிருந்து, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் துணி மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறினால் கடைசி லயத்தை அடையும்போது வெயில் சாய்ந்துவிடும். யாருக்கு எது பிடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். வயசானவர்கள் அரக்கு நிறம் கேட்பார்கள், கறை தெரியாதாம். புதுப்பெண்களுக்கு ரோஸ். ஆண்கள் கட்டம் போட்ட சாரத்தையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு வெள்ளை வேட்டியே எடுப்பார்கள். மூட்டையை அவிழ்த்ததும் எழும் கஞ்சி வாசனைக்கே பெண்கள் கூடிவிடுவார்கள். எத்தனையோ கடை பார்த்துவிட்டேன், அந்த வாசனை எங்கேயும் இல்லை.

கொழுந்து பறிக்கும் மூக்காயிக்குக் கிளிப்பச்சைதான். வேறு எதை விரித்தாலும், "அது கெடக்கட்டும் நானா" என்று ஒதுக்கிவிடுவாள். முஸ்லிம் வியாபாரியான என்னை லயத்தில் எல்லோரும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் வோட்டு வந்தது. தோட்டத்துப் பெண்களுக்கும் உண்டு என்றதை முதலில் யாரும் நம்பவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக, போட்டியிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மஞ்சள், மற்றவருக்குப் பச்சை. வோட்டுக் கடதாசியை அந்தந்த நிறப் பெட்டியில் போட வேண்டும்.

பெரிய கங்காணி பழனியாண்டி வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "நம்ம தோட்டம் மஞ்சளுக்குத்தான். அன்னிக்குப் பொம்பளைங்க மஞ்சச் சீலையில வரணும்."

என்னிடம் இருந்த மஞ்சள் ஒரே நாளில் தீர்ந்தது. பச்சையை வெளியே காட்டப் பயந்து மூட்டையின் அடியில் வைத்திருந்தேன். மூக்காயி கையை விட்டு அதை உருவி எடுத்தாள்.

"இப்ப வேணாம் தங்கச்சி. வோட்டு முடியட்டும். கங்காணியார் கோவிப்பார்."

"சீலை ஒடம்புல கட்டறதுங்க. வோட்டு பொட்டியில போடறது. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பணும்?"

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் அழகமுத்துவைப் பார்த்தேன். "அவளுக்குப் புடிச்சிருக்குங்களே" என்றான் அவன், மெதுவாக.

வோட்டு நாளில் பள்ளிக்கூட வாசலில் நானும் வரிசையில் நின்றேன். மேட்டிலிருந்து தோட்டத்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒரே மஞ்சள், நடுவில் ஒரு பச்சை. பழனியாண்டி குடையை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தார்.

"சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சுங்க. நல்ல நாளும் அதுவுமா புதுசு கட்டிக்கிட்டேன்."

அதற்குள் அதிகாரி அவள் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போனாள். மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளும் அவளும் மட்டும். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது முகம் அப்போதுதான் கழுவியதைப் போல இருந்தது.

"எதுல போட்ட?" என்றார் கங்காணி.

"பொட்டியிலதாங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளை உச்சி மலைக்கு அனுப்பினார். அட்டை நிறைந்த மலை அது. மஞ்சள்காரர் ஜெயித்த பிறகும் மூன்று மாதம் ஏறினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் அன்டைக்கு அந்தச் சீலையக் குடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க நானா. அங்க உள்ள நிக்கிறப்ப, யாரும் பாக்கலன்னு தெரிஞ்சதும் ரெண்டு பொட்டியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒனக்கு எது வேணும்னு அதுக்கு முன்ன யாரு என்னைய கேட்டாங்க?"

"எந்தப் பெட்டியில போட்ட?"

"அத மட்டும் கேக்காதீங்க."

ஏழு வருஷம் கழித்து, ஓப்பநாயக்கவில் நான் சின்னதாய்க் கடை போட்டிருந்தேன். ஒருநாள் மூக்காயி பெஞ்சில் உட்கார்ந்து துணி பார்த்துக்கொண்டிருந்தாள். பழனியாண்டி உள்ளே வந்தார். கண் மங்கிப் போயிருந்தது. குரலை வைத்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்பவாச்சும் சொல்லு. அன்னிக்கு எதுல போட்ட?"

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "மறந்துபோச்சுங்க."

அவர் சிரித்தார். பிறகு, "எனக்கும் அந்த மஞ்சக்காரர் மேல ஒரு பிடிப்பும் இல்ல. தோட்டத்துத் தொரை சொன்னாரு, நான் சொன்னேன்" என்றார். "ஒன்னைய மலைக்கு ஏத்துனது தப்புதான்."

மூக்காயி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். நான் மூன்று பேருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டேன்.