கற்பூரம் அணைத்த கை

சுமலதாவுக்கு என்ன குறை? செஞ்சியில் புருஷன் ஆனந்தராஜுக்குச் சொந்த அரிசி ஆலை, வீட்டில் பீரோ நிறைய நகை. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, பாழாய்ப்போன கை, அது சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு ஸ்பூன், வங்கியில் கயிறு கட்டிய பேனா, கோட்டை பார்க்க வந்த யாரோ ஒருத்தியின் கறுப்புக் கண்ணாடி என்று எதையாவது எடுத்துவிடும். எடுக்கிற நொடியில் நெஞ்சு லேசாகும். வீட்டுக்கு வந்ததும் அவமானம் பிடுங்கித் தின்னும். எல்லாம் பரண்மேல் ஒரு முறுக்கு டின்னில் கிடந்தன.

ஆடிக்கு நாத்தனார் பூங்குழலி கைக்குழந்தையோடு வந்தாள். குளிப்பாட்டக் கழற்றிவைத்த குழந்தையின் வெள்ளி அரைஞாண் அன்றைக்கே டின்னுக்குப் போய்விட்டது. பழி யார்மேல் விழும்? வீட்டு வேலை செய்கிற ஆண்டாள்மேல்தான்.

"நான் எடுக்கலம்மா. அமாவாசைக்கு மலையனூர் வரேன். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்" என்றாள் ஆண்டாள்.

போனார்கள். அங்காளம்மன் எதிரில் எரிந்த கற்பூரத்தை ஆண்டாள் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். பொய்ச் சத்தியமாக இருந்தால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். சுமலதா பக்கத்திலேயேதான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டையில் போகிறவள், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஆண்டாளின் புருஷன் கன்னியப்பன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தான். ஊருக்கு இது போதாதா? ஆத்தா கேட்டுவிட்டாள் என்று தெருவே பேசியது. ஆண்டாள் வேலை செய்த மற்ற வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காலையில் அவள் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கைப் புண் இன்னும் ஆறவில்லை.

"ஒரு நாளு கொழந்தைக்குன்னு உங்க வீட்டுல ஒரு கை சக்கரை கேக்காம எடுத்தேன்மா. அதுக்குத்தான் ஆத்தா கேட்டுட்டாளோ இன்னாவோ. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

"நீ போ ஆண்டாளு. எல்லார்கிட்டயும் நான் சொல்றேன்" என்று சுமலதா அவளை அனுப்பினாள். பரண்மேல் ஏறி டின்னை இறக்கிக் கூடத்தில் கொட்டினாள். ஸ்பூனும் பேனாவும் கண்ணாடியும் சிதறின. நடுவில் அரைஞாண் கிடந்தது.

"நான்தாங்க எடுத்தேன். எல்லாமே நான்தான்."

ஆனந்தராஜ் குனிந்து அரைஞாணை எடுத்துப் பார்த்தான். பூங்குழலிதான் பேசினாள். "உனக்கு இன்னா தலையெழுத்து அண்ணி? உன் பீரோவுல இல்லாததா? அவ புருசன் படுத்துட்டான்னு பாவம் பாத்து, பழிய நீ ஏத்துக்கிற."

"பரண்மேல ஏறி ஒட்டட அடிக்கிறது ஆண்டாளுதானே" என்றான் ஆனந்தராஜ். "ஊரு முழுக்க எடுத்துட்டு, நம்ம வீட்லயே ஒளிச்சு வச்சிருக்கா பாரு."

"ஐயோ, இல்லைங்க. என் கைதாங்க. எனக்கே அடங்க மாட்டேங்குது."

"டென்ஷன் ஆவாத சுமா." அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "சிறுகடம்பூர்ல அவ தெருவுலயே நாலு பேர வச்சுக் கேட்டுடறேன். வண்டிச் சாவி எங்க? இங்கதான வச்சேன்?"

சாவி மேசைமேல் இல்லை. சுமலதா தன் வலது கையைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இதையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று அவன் முகத்துக்கு நேராகக் கையை விரித்தாள்.

"ஆங், குடு" என்று சாவியை வாங்கிக்கொண்டு அவன் ஆண்டாள் வீட்டுக்குக் கிளம்பினான்.