காலியாக இருந்தது குடல்வால் மட்டும்

சுடர்க்கொடி பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு நாமக்கல் பக்கத்திலிருந்த அந்த நீட் அகாடமிக்குப் போய்ச் சேர்ந்தபோது, உடம்பு ஏறக்குறைய நிரம்பிவிட்டிருந்தது.

மற்ற அகாடமிகளில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். இங்கே பட்டதாரி பேட்ச் மொத்தமும் சேர்ந்து ஒரே உடம்பு. ஆளுக்கோர் உறுப்பு.

“லேட்டா வந்துட்டியே கண்ணு,” என்றார் நிர்வாகி பொன்னுசாமி சார். “இருதயமெல்லாம் போன மாசமே போயிருச்சு. குடல்வால் மட்டுந்தான் காலி.”

“அது என்ன பண்ணணுங்க சார்?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் அதுக்கு வேலை.”

அவள் அப்பா தங்கராசு, வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். “இந்த வருஷமும் மெடிக்கல் காலேஜுக்குள்ள போகலேன்னா பி.எட்.தான், பாத்துக்க,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சொன்னதைச் செய்கிற மனிதர். பி.எட்.டுக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவைகூட எடுத்து வைத்தாயிற்று.

வகுப்பறை நீளமானது. தலையிலிருந்து கால்விரலுக்கு நடந்து போனால் இயற்பியல் முடிந்து வேதியியல் தொடங்கியிருக்கும். அட்டெண்டன்ஸில் யாருக்கும் பெயர் கிடையாது. “இடது கிட்னி,” என்பார் சார். “பிரசென்ட் சார்,” என்பாள் வினோதினி. இருதயமாக இருந்த பையன் மட்டும் “பிரசென்ட், பிரசென்ட், பிரசென்ட்” என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தூங்கும்போதும்.

மார்க், செய்கிற வேலைக்குத் தக்கபடி. கல்லீரல்தான் எப்போதும் முதல் ரேங்க். பித்தப்பைகூடத் தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிடும். சுடர்க்கொடி விழுந்து விழுந்து படித்தாள். பூஜ்ஜியம். இன்னும் படித்தாள். அதே பூஜ்ஜியம்.

“வினோ, கிட்னிதான் ரெண்டு இருக்கே. உன் இடத்தை எனக்குக் குடேன்.”

“ஒண்ணு போதும்னு எனக்கும் தெரியும்டி. அதை வலது கிட்னிகிட்டப் போய்ச் சொல்லு.”

வலது கிட்னியிடம் போனாள். “இடதுகிட்டச் சொல்லு,” என்றான் அவன்.

சுடர்க்கொடிக்குக் கோபம் வந்தது. குடல்வாலுக்குக் கோபம் வந்தால் வீங்கும். திங்கட்கிழமை அவளுக்கு பெஞ்ச் போதவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்திலிருந்த பெருங்குடல் பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“கொஞ்சம் தள்ளுங்கக்கா.”

“எங்கப்பா தள்றது? வீங்கறதை நிறுத்தத் தெரியாமத்தான் நானே முழிக்கிறேன்.”

புதன்கிழமை பேட்ச் முழுக்கக் காய்ச்சல். மாதிரித் தேர்வுத் தாளின் மேலேயே இரைப்பை வாந்தி எடுத்தது.

பொன்னுசாமி சார் ஓடி வந்தார். வகுப்பறையின் வலதுபக்கம், கொஞ்சம் கீழே, தரையை விரலால் மெல்ல அழுத்தினார். பேட்ச் முனகியது. விரலைச் சட்டென்று எடுத்தார்.

“அம்மா!” என்று மொத்த பேட்ச்சும் அலறியது.

“இது என்ன நோய்? நாலு ஆப்ஷன் தர்றேன்—”

“ஆப்ஷன் வேண்டாங்க சார்!”

அகாடமி வரலாற்றிலேயே எல்லோரும் சரியாக விடை சொன்ன கேள்வி அது ஒன்றுதான். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்.

மருத்துவக் கல்லூரி வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

“மார்க் எவ்வளவு?”

“பூஜ்ஜியம்,” என்றாள் சுடர்க்கொடி.

“வெடிச்சிருவியா?”

“வெடிச்சிருவேன்.”

“அப்பச் சரி, உள்ள போ.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு நர்ஸ் பேட்ச்சிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: “காத்து பிரிஞ்சுதா?” கடைசியில் பெருங்குடல் கூச்சத்தோடு கையைத் தூக்கினான். பேட்ச்சை அனுப்பிவிட்டார்கள். சுடர்க்கொடியை அனுப்பவில்லை.

“கொடுத்து வச்சவடி நீ,” என்று சொல்லிவிட்டுப் போனாள் வினோதினி.

சுடர்க்கொடியை நோய்க்குறியியல் துறையில், ஜன்னலோரமாக, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார்கள். அப்பா போன் செய்தார்.

“உள்ள போயிட்டியா சாமி?”

“போயிட்டேம்ப்பா.”

“ஹாஸ்டல்ல தனி ரூமா?”

“தனிதாம்ப்பா. வெளிச்சம் நல்லா வருது.”

“தண்ணிக் கஷ்டம் ஏதும் இல்லையே?”

“கழுத்து வரைக்கும் இருக்குதுப்பா.”

அப்பா போனை வைக்காமலேயே தெருவுக்கு ஓடினார். அவர் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போவது ஜாடிக்குள் நன்றாகக் கேட்டது.

மறுநாள் காலை மாணவர்கள் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார்கள். பேராசிரியர் ஜாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்: “இது வீங்கும்போது, வலி முதல்ல எங்க ஆரம்பிக்கும்?”

எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள்.

சுடர்க்கொடி கண்ணாடியைத் தட்டினாள்.

“பின்னாடி யாரு?” என்றார் பேராசிரியர், திரும்பாமலே. “தெரிஞ்சா எழுந்திரிச்சு நின்னு சொல்லு.”

எழுந்து நின்றாள். மூடி தலையில் இடித்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தொப்புளச் சுத்திங்க சார்,” என்றாள்.