கொடை வாரத்துக் கடுதாசிப் பெட்டிகள்

யார் வீட்டுக்குப் போனாலும் என்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாது. கை பரபரக்கும். கண்ணில் படுகிற டப்பாவை எடுத்துத் துடைப்பேன், துணியை உதறி மடிப்பேன், பாத்திரத்தை அளவு பார்த்து அடுக்குவேன். ராயகிரியில் என் மாமியார் இதைச் சுத்தம் என்பாள். என் வீட்டுக்காரர் பேய் என்பார். இரண்டு பேரில் அவர் சொன்னதுதான் சரி என்று எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் தெரிந்துகொண்டேன்.

வருஷா வருஷம் போகிற மாதிரி அந்த வருஷமும் காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சிவனாண்டி பருத்தி மார்க்கெட்டில் எடை எழுதுகிறவர். மதினி பெயர் முருகம்மாள். அவர்களுக்கு ஒரே மகள், பூமாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விசைத்தறி செட்டில் வேலை பார்த்த ஒரு வெளியூர்ப் பையனோடு போய்விட்டாள். வேறு சாதி. அண்ணன் நேராக ஊருணிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். "எனக்குப் பிள்ள கெடையாது. இனிமே இந்த வீட்டுல அவ பேரு கேக்கக் கூடாது" என்றார். கேட்கவும் இல்லை.

பூமாரியும் அந்தப் பையனும் பழகுவதை முன்பே அண்ணன் காதில் போட்டது நான்தான். மதினி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன் மாடத்தி, நீ வாயத் தொறக்காத" என்றாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது உளறிவிட்டேன். மறுநாளே அவர் மாப்பிள்ளை தேடக் கிளம்பினார். அந்த வாரமே பெண் கிளம்பிவிட்டாள். மதினி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அந்த வருஷம் மதினி முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. முளைப்பாரி போடுகிற பெண்கள் கொடை முடியும்வரை கோயிலை ஒட்டிய அறையிலேயே இருக்க வேண்டும். இரண்டு வேளை குளியல், ஈரச் சேலை, ஒரு வேளைச் சோறு. அண்ணனுக்குப் பொங்கிப் போட ஆள் வேண்டுமே என்று என்னை முன்னாலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நான் புதன்கிழமை போனேன். மதினி அன்று மாலையே கோயிலுக்குக் கிளம்பினாள். போகும்போது வாசலில் நின்று, "சோறு மட்டும் பொங்கிப் போடு, போதும். பின்னால அந்த அறைய நீ பாக்காத. கொடை கழிச்சு நானே வந்து காயிதத்த இடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

பார்க்காதே என்றால் எனக்குக் கை இன்னும் கொஞ்சம் பரபரக்கும்.

அந்த அறையில்தான் மதினி கடுதாசிப் பெட்டி செய்வாள். பழைய காகிதத்தைக் கிழித்து ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்துக் கூழாக்கி, கவிழ்த்த பானைமேல் கனமாக அப்பிக் காயவைப்பாள். காய்ந்ததும் கழற்றி, மேலே வண்ணக் காகிதமும் ஜிகினாவும் ஒட்டுவாள். சொந்தத்தில் கல்யாணமோ சடங்கோ, மதினி கொடுப்பது அதைத்தான். வெண்கலப் பாத்திரம் கொடுத்தவர்கள் பெயர் மறந்துவிடும், மதினியின் பெட்டியை மட்டும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்ப்பார்கள். கொடை முடிந்து நாலாம் நாள் எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம். சீர் வைக்க ஐந்து பெட்டி வேண்டும், ஒன்றுகூடத் தயாராகவில்லை. கொடைக்குப் பிறகு இடித்து எப்போது காய்வது, எப்போது ஒட்டுவது? மதினிக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அண்ணன் மார்க்கெட்டுக்குப் போனதும் கதவைத் திறந்தேன். அறையா அது? பானைகள் உருண்டு கிடந்தன. பசை காய்ந்த பிரஷ், பல்லி முட்டை, அவிழ்ந்து சிதறிய ஜிகினா, சிமெண்டுப் பை, பழைய காலண்டர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பானைகளைப் பெரியதிலிருந்து சிறியதாகச் சுவரோரம் கவிழ்த்தேன். ஆணி அடித்துக் கயிறு கட்டி வண்ணக் காகிதங்களைத் தொங்கவிட்டேன். ஜிகினாவை நிறம் பிரித்துத் தீப்பெட்டிகளில் போட்டு, மேலே என்ன நிறம் என்று எழுதியும் ஒட்டினேன். மதினிக்கு எழுத்துத் தெரியாது என்பது ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேன்.

மூலையில் பெரிய ஓலைப்பெட்டி நிறையக் கிழித்த காகிதம் இருந்தது. அதை அப்படியே தூக்கி அண்டாவில் கவிழ்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன். என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. குப்பைக் காகிதத்தில் என்ன பார்க்க இருக்கிறது?

அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடைக்கு எட்டு நாள் முன்னால் கோயில் வாசலில் பந்தல்கால் நாட்டுவார்கள். நாட்டிவிட்டால் கொடை முடியும்வரை எந்த வீட்டிலும் உரலில் உலக்கை விழக் கூடாது. மாவு, மிளகாய் எல்லாம் முன்னதாகவே இடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கால் நாட்டியிருந்தார்கள். நானும் அந்த வீட்டில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா? உலக்கையைத் தொடவில்லை. இடிக்கத்தானே கூடாது, மிதிக்கக் கூடாது என்று அம்மன் சொல்லவில்லையே! வெள்ளிக்கிழமை காலையில் காலைக் கழுவிக்கொண்டு அண்டாவுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் மிதித்தேன். பிறகு கையால் பிசைந்தேன். வெந்தயத்துக்குப் பதில் மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். கூழில் ஓர் இடத்தில் நீலம் தட்டியது, துத்தம் சரியாகக் கரையவில்லை போல என்று அதையும் சேர்த்துப் பிசைந்தேன். மத்தியானத்துக்குள் ஐந்து பானையிலும் அப்பி முற்றத்து வெயிலில் வைத்தாயிற்று. மதினி வந்து பார்த்தால் பழசையெல்லாம் மறந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு மடச்சி நான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மதினி வந்தாள். தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. முளைப்பாரி அறையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள். என்னிடம் பேசாமல் நேரே அந்த அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எப்படி இருக்கு மதினி? எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன் பாத்தீங்களா?"

அவள் சுவரைப் பார்க்கவில்லை, பானைகளைப் பார்க்கவில்லை. "இங்கன இருந்த ஓலப்பெட்டிய எங்கட்டி?"

"அந்தா, கழுவிக் கவுத்திருக்கேன்."

"அதுல இருந்த காயிதம்?"

"முத்தத்துல அஞ்சு பெட்டியாக் காயுது. நீங்க ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

"கால் நாட்டியாச்சேட்டி. ஒலக்க போட்டியா?"

"போடுவேனா மதினி? காலாலதான் மிதிச்சேன்."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அதுக்கு அடியில பூமாரி கடுதாசி இருந்துச்சு" என்றாள்.

கால் நாட்டின அன்று காலையில் குழாயடியில் வைத்துப் போஸ்ட்மேன் கருத்தப்பாண்டி கொடுத்திருக்கிறான். நீல நிற இன்லாண்ட் கடிதம். இரண்டு வருஷத்தில் முதல் கடிதம்.

"முருகம்மாள்னு எம் பேருக்கு வந்திருக்கு. எம் பேருக்கு வேற யாரு எழுதுவா?" என்றாள் மதினி. "அனுப்புனவுக எடத்துல ஊரு பேரு ஒண்ணும் இல்லையாம். விவரம் உள்ள இருக்குன்னு மட்டும் எழுதியிருந்துச்சாம், கருத்தப்பாண்டி சொன்னான். ஒட்டுனதக்கூட நான் பிரிக்கல. பிரிக்கப் போயி எழுத்தக் கிழிச்சுருவேனோன்னு பயம்."

கருத்தப்பாண்டியிடம் வாசிக்கச் சொல்ல முடியாது, அவன் அண்ணனோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவன். அடுத்த தெரு மீரா பீவி டீச்சர் வாய் திறக்க மாட்டார். ஆனால் அவர் தங்கச்சி பிரசவத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவதாக இருந்தது. அதுவரைக்கும் கடிதத்தை எங்கே வைப்பது? டிரங்குப் பெட்டியை அண்ணன் வேட்டிக்குத் திறப்பார். மடியில் வைக்க முடியாது, இரண்டு வேளை ஈரச் சேலை. உலக்கை விழாத எட்டு நாளில் அந்தக் காகிதத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பி, ஓலைப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"எங்கிட்டக் குடுத்திருக்கலாமே மதினி, நான் எட்டாங்கிளாஸ் வர படிச்சவதானே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்கிட்டயா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவள் என்ன சொல்லியிருந்தாலும் இத்தனை வலித்திருக்காது.

பிறகு எழுந்து முற்றத்துக்குப் போனாள். முதல் பானையில் இருந்த பெட்டியை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தாள். உள்பக்கம் இன்னும் ஈரம் இருந்ததால் பொத்துப் பொத்தென்று வந்தது. பிய்த்த துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. எனக்கு அவளைத் தடுக்கத் தைரியம் இல்லை. ஐந்தையும் முடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"படி."

"மதினி, இதுல ஒண்ணும்..."

"படிட்டி. நீ படிச்சவதான?"

படித்தேன். அச்செழுத்து இருந்த துண்டுகளில் மட்டும் அங்கங்கே ஏதோ தெரிந்தது. ஒன்றில் அஷ்டமி. ஒன்றில் ஏதோ சோப்பின் பாதிப் பெயர். ஒன்றில் சிமெண்டுப் பையின் ஒரு எண். ஒவ்வொன்றையும் நான் வாய்விட்டு வாசிக்க, மதினி "அது இல்ல, அடுத்தது" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நீலம் ஏறிய துண்டுகளில் எழுத்தே இல்லை. வெந்நீரில் மை கரைந்திருந்தது, மிச்சத்தை என் கால் கரைத்திருந்தது. அவற்றைக் கையில் எடுத்து நான் சும்மா இருந்தபோது அவள் தானே பேசினாள்.

"மாசமா இருக்காளோ என்னமோ. வந்து கூட்டிட்டுப் போம்மான்னு எழுதியிருந்தாளோ. இந்தத் தேதிக்குள்ள வான்னு எழுதியிருந்தாளோ. ஒனக்கு ஒரு எழுத்துகூடவா தெரியல?"

நான் அடுத்த நீலத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். முற்றம் முழுக்கக் கூழ். நோன்பு இருக்க வேண்டிய பெண்டாட்டி சேறும் பசையுமாகத் தரையில் இருந்தாள். "என்னளா இது?" என்றார். நான் ஏதோ பொய் சொல்ல வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத பெயரைச் சொன்னாள்.

"பூமாரி கடுதாசி போட்டிருந்தா. ஒங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன். ஒங்க தங்கச்சி மிதிச்சுட்டா. இப்பக் கொல்லணும்னா ரெண்டு பேரையும் கொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. நிமிர்ந்தபோது அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க இருக்காளாம்?" என்று கேட்டார்.

மதினி தரையில் பரப்பிக் கிடந்த துண்டுகளைக் காட்டினாள்.

"சொகமா இருக்காளாமா? அதையாவது சொல்லுளா."

மதினி அவர் முகத்தையே பார்த்தாள். "வாசிச்சுச் சொல்லியிருப்பீங்களா?"

"ரெண்டு வருஷமா மார்க்கெட்டுக்குப் போஸ்ட் ஆபீஸ் வழியாத்தான் போறேன்" என்றார் அண்ணன். "அது சுத்து வழி."

மதினி அப்போதுதான் அழுதாள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எது அவளோடது, அத மட்டும் எடு" என்றார். நீலத் துண்டுகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். எழுத்து இல்லாத அந்தக் கூழை வெயிலுக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பி, எல்லாவற்றையும் அவர் பார்த்தார். கோயிலிலிருந்து மதினியைத் தேடி ஆள் வந்தது. அவள் போகவில்லை.

பூமாரியிடமிருந்து பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. கருத்தப்பாண்டியிடம் சொல்லி வைத்தோம், விசைத்தறி செட்டில் விசாரித்தோம், அந்தப் பையனின் ஊர்க்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குக் கடிதம் கிடைத்தது, யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், பதில் போடவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.