அண்ணி தேய்த்த ஆரம்

என் கவரிங் ஆரத்தைத் துடைக்க எனக்கு ஒரு பழைய பனியன் துணி போதும். லேசாக நனைத்து ஒற்றியெடுப்பேன். கல் பதித்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் பசை விட்டுவிடும். மின்விசிறிக்கடியில் காயவைத்து, பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடுவேன். சென்ட் அடித்தால், அது காய்ந்த பிறகுதான் ஆரம் கழுத்தில் ஏறும். தங்கத்தைக்கூட யாரும் இப்படித் தாங்கமாட்டார்கள். என் தங்கமெல்லாம் கணவரின் கடையோடு மூழ்கிய பிறகு, வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கியது. தாங்காமல் என்ன செய்வேன்?

கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தம்பி கடை மூழ்கிய கதை வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம், "தங்கந்தான், எங்க வீட்டு நகை" என்று அளந்துவிடுவார். நானும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடி மூடி வாயே வலித்துவிட்டது.

அண்ணி மகளின் கல்யாணத்துக்கு முதல் நாளே அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் டப்பா திறந்து கிடந்தது. சமையலறைத் தொட்டியில், தன் தங்க வளையல்களோடு என் ஆரத்தையும் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, பிரஷால் பரக் பரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தார் அண்ணி. வளையல்கள் பளபளத்தன. என் ஆரம் பல்லிளித்தது. முன்பக்கமெல்லாம் செம்பு.

"ஐயோ அண்ணி, என்ன பண்றீங்க?"

"எல்லாம் பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்..." ஆரத்தைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தார். "தங்கம் எப்படிடீ சிவக்கும்?"

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது.

"இத உள்ள வை. என்னோடத ஒண்ணு தர்றேன், போட்டுக்க" என்றார் அண்ணி.

"வேணாம். இதத்தான் போடுவேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா?"

"பாக்கட்டும். நானா தேச்சேன்?"

கணவர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன்" என்றார்.

"விட்டுக்கொடுத்துத்தான் கழுத்து இப்படி ஆச்சு" என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து ஆரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாருக்கே. ஆனா ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

அண்ணி ஓடிவந்தார். "அது பழைய காலத்துத் தங்கம்..."

"கவரிங்ங்க" என்றேன். "என் சம்பளத்துல வாங்கினது. நேத்து அண்ணி தங்கம்னு நெனச்சுத் தேச்சுட்டாங்க."

அந்த அம்மா அண்ணியைப் பார்த்தார். "உங்க வீட்டு நகைதானே? உங்களுக்கே தெரியாதா?"

அண்ணி என்னைப் பார்த்தார், மேடையில் நின்ற மகளைப் பார்த்தார். நான் கை கொடுக்கவில்லை. கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார். "தெரியும். சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சு."

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். செம்பு தெரிகிற பக்கம் முன்னால் வரும்படி ஆரத்தை நேராக்கிக்கொண்டு, முதல் வரிசையில் போய் நின்றேன்.