நாற்பதுக்கு ஒன்பது

என் மகளுக்கு எண்ணத் தெரியாது என்று அவளுடைய மழலையர் பள்ளி டீச்சர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி உடைந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான நாற்காலி, முழங்கால் தாடையில் இடிக்கிறது. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்கிற மாதிரி ஏதோ வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒண்ணாம் கிளாஸுக்கு இந்த வருஷம் வேண்டாம்னு தோணுது. நம்பர் தெரியலை, எழுத்தும் தெரியலை. இன்னும் ஒரு வருஷம் எங்ககிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"யாருக்குத் தெரியலை?"

"உங்க பாப்பாவுக்குத்தான்."

"நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன். தொண்டை கிழிய. வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

என் வேலையே அதுதான். திரையில் கார்ட்டூன் பார்த்தால் சின்னக் குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும் நிஜமாகவே வருகிறதா என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அலுவலகம் எங்களுடையது. இந்த வருஷம் ஆறு மழலையர் பள்ளிகள், என் மகளுடையது அதில் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, மூன்று பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் சொல்லித்தருகிற கார்ட்டூன், மற்ற மூன்றில் சும்மா மிருகப் படம், பன்னிரண்டு வாரம் காட்டினோம். படம் காட்டுவதற்கு முன் ஒரு டெஸ்ட், காட்டி முடித்தபின் ஒரு டெஸ்ட். எந்தப் பள்ளிக்கு எந்தப் படம் என்று டெஸ்ட் எடுக்கிற எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் ஓரவஞ்சனை வந்துவிடுமாம்.

டெஸ்ட் என்றால் ஒரு தடிப் படப் புத்தகம். நாற்பது பக்கம், பக்கத்துக்கு நாலு படம். "ஏழு பூ இருக்கற படத்தைத் தொடு." "'ம' எழுத்து எங்க இருக்கு, தொடு." குழந்தை தொடும். சரியா தப்பா என்று நான் தாளில் குறிக்க வேண்டும். பாராட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, புருவம்கூட அசையக் கூடாது. என் முகம் கல் மாதிரி இருக்கும். பயிற்சி கொடுத்த மேடமே என்னைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டினார்.

அது மட்டுமா, நான் வேகம். மற்றவர்கள் ஒரு குழந்தைக்கு இருபத்தைந்து நிமிஷம் எடுத்தால் நான் பன்னிரண்டு. அலுவலகத்தில் எனக்கு மின்னல் என்று பெயர். என்னோடு டெஸ்ட் எடுக்கிற இன்னொருவன், என்னைவிட ஆறேழு வயது சின்னவன், அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்தது நான்தான். குழந்தை விரலை எடுக்கும்வரை காத்திருப்பான். பக்கத்தைப் புரட்டுவான். பிறகு ஒரு அட்டையைத் தடுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பென்சிலை எடுத்து, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி மறைத்துக் குறிப்பான். "எந்தக் காலத்துலடா நீ மதியச் சாப்பாடு சாப்பிடப்போறே?" என்று கேட்டால் சிரிப்பான்.

புத்தகம் புதிதாக வந்தபோது கை பழகுவதற்காக வீட்டில் என் மகளை வைத்துத்தான் எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அம்மா, தொடற விளையாட்டு" என்று தினமும் வந்து நிற்பாள். ஒரு மாதத்தில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. ஐந்து வயதுக்கு! நான் சொல்லாத ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் இழுத்தார்: "நாலு ஸ்பூன் எடுத்துட்டு வாம்மான்னா கூடையோட தூக்கிட்டு வர்றாளே." "உங்க புத்தி அப்படி, அவ என்ன பண்ணுவா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அதனால்தான் டீச்சரிடம் அவ்வளவு திமிராகச் சொன்னேன். "சனிக்கிழமை எங்க ஆபீஸுக்கு வாங்க. உங்க கண் முன்னாடி டெஸ்ட் எடுத்துக் காட்டறேன். அப்புறம் நீங்களே கையெழுத்துப் போட்டு அவளை ஒண்ணாம் கிளாஸுக்கு அனுப்புவீங்க."

அவரும் வந்தார், பாவம், விடுமுறை நாளில்.

நானே எடுத்தால் சொந்தப் பெண் என்று ஒரு பேச்சு வரும். ஆமையை உள்ளே உட்கார வைத்தேன். நாங்கள் எல்லா டெஸ்ட்டையும் கேமராவில் பதிவு செய்வோம். பக்கத்து அறைத் திரையில் நானும் டீச்சரும் பார்த்தோம்.

"மூணு பந்து இருக்கற படத்தைத் தொடு பாப்பா."

என் மகளின் விரல் புறப்பட்டது. முதல் படத்துக்கு மேல் போனது, தொடவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலுக்கே வந்தது. அவள் ஆமையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கை அட்டைக்குப் பின்னால் இருந்தது. இன்னொரு சுற்று. கடைசியில் ஐந்து பந்தைத் தொட்டாள்.

"புது ஆளுல்ல, வெட்கம்" என்றேன். டீச்சர் தலையாட்டினார்.

அடுத்த பக்கம் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. 'அ'வைத் தொடச் சொன்னால் 'ப'வைத் தொடுகிறாள். இரண்டைத் தொடச் சொன்னால் ஒன்பதை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த விரல் சுற்றிச் சுற்றி வருகிறது. டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

நாற்பதுக்கு ஒன்பது.

கண்ணைக் கட்டிவிட்டுத் தொடச் சொன்னாலே சராசரியாகப் பத்து சரியாக வரும். நாலில் ஒன்று. எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித்தருவது அது. என் மகள் ஒன்பது.

அடுத்த நொடி கோபம் வந்தது, எனக்கு எப்போதும் அதுதானே வரும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னடா பண்ணினே குழந்தையை?"

"நான் ஒண்ணுமே பண்ணலைக்கா" என்றான் ஆமை. "ஒண்ணுமே பண்ணக் கூடாதுங்கறதுதானே வேலை."

"எழுந்திரு."

அவன் இடத்தில் உட்கார்ந்தேன். அதே புத்தகம், அதே குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு பந்து இருக்கற படத்தைத் தொடு." விரல் விறுவிறுவென்று நகர்ந்து தொட்டது. சரி. அடுத்தது சரி. சரி, சரி, சரி. பன்னிரண்டே நிமிஷம், முப்பத்தெட்டு. எழுந்து கேமராவைப் பார்த்து, "பார்த்தீங்களா?" என்று கத்தினேன். டீச்சர் வந்து வாசலில் நின்றார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, தோல்வியும் இல்லை. குழம்பிப் போயிருந்தார்.

ஆமை மட்டும் பக்கத்து அறைத் திரையில் எதையோ பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க வாங்க ஒரு நிமிஷம். பாப்பா விரலைப் பார்க்காதீங்க. உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். என் முகம் கல்தான், அதில் குறையே இல்லை. என் கையில் பென்சில் தாளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. என் மகளின் விரல் முதல் படத்தின் மேல் போகிறது, பென்சில் அசையவில்லை. இரண்டாவது படம், அசையவில்லை. மூணு பந்து இருக்கிற மூன்றாவது படத்துக்கு விரல் வந்ததும், அவள் தொடுவதற்கு முன்பே, என் பென்சில் இறங்குகிறது. இறங்கிய பிறகு அவள் தொடுகிறாள். ஆமை மெதுவாக ஓட்டினான். முதலில் பென்சில், அப்புறம் விரல். அடுத்த பக்கமும் அப்படியே. அவள் கண் ஒரு தடவைகூடப் படத்தில் இல்லை.

நான் பெருமைப்பட்ட வேகம் அதுதான். குழந்தை தொடும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத வேகம்.

என் பின்னாலேயே வந்து மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஷூ நாடாவை இழுத்துக்கொண்டிருந்தவளிடம் குனிந்து கேட்டேன். "கண்ணு, எந்தப் படம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பென்சில் குனியற எடத்துல தொடணும்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பிறகு ரகசியமாக, "அந்த அங்கிளுக்கு விளையாடவே தெரியலைம்மா. பென்சிலை ஒளிச்சு வெச்சுக்கறாரு."

இத்தனை நாளும் அவள் என்னை ஏமாற்றவில்லை. நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டை ஒழுங்காக ஆடியிருக்கிறாள். மூன்று என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் கேட்ட ஒரு கேள்வியையும் அவள் காதில் வாங்கவில்லை. ஐயோ, ஸ்பூன் கூடையோடு அவள் வந்து நின்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"மத்த பசங்க?" என்றேன்.

ஆமை ஏற்கெனவே அந்தப் பதிவுகளைத் திறந்துகொண்டிருந்தான். நான் டெஸ்ட் எடுத்த தொண்ணூற்றாறு குழந்தைகள். முதல் டெஸ்ட்டில் முழிக்கிறார்கள், தப்புத் தப்பாகத் தொடுகிறார்கள். இருபதாம் பக்கம் வாக்கில் ஒருவன் கண் என் கைக்கு வருகிறது. இன்னொருத்தி முப்பதாம் பக்கத்தில் கண்டுபிடிக்கிறாள். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டாவது டெஸ்ட்டில் முதல் பக்கத்திலிருந்தே விரல் சுற்றுகிறது, பென்சில் இறங்குகிறது, விரல் தொடுகிறது. எங்கள் வேலையைச் சரிபார்க்கிறவர்கள் இந்தப் பதிவுகளைப் பார்க்காமல் இல்லை. குழந்தை தொட்டதும் நான் குறித்ததும் ஒன்றா என்று பார்த்தார்கள். ஒன்றேதான்.

சத்தம் கேட்டு மேடம் வந்துவிட்டார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய அறிக்கையை முடிப்பதற்காக மாடியில் இருந்தவர். கார்ட்டூன் பார்த்த குழந்தைகள் கிடுகிடுவென்று முன்னேறிவிட்டார்கள் என்ற அறிக்கை. அதை நம்பித்தான் அடுத்த வருஷம் எல்லா மழலையர் பள்ளிகளுக்கும் அந்தக் கார்ட்டூன் போகவிருந்தது. திரையில் ஐந்து நிமிஷம் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எந்தெந்த ஸ்கூல் எடுத்தே?"

சொன்னேன். என் பஸ் போகிற வழியில் இருந்த மூன்று பள்ளிகள். ரெண்டு பஸ் மாற முடியாது என்று நானே அடம்பிடித்துக் கேட்டு வாங்கியவை. மிச்ச மூன்றும் ஆமைக்கு.

மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கார்ட்டூன் போட்டது அந்த மூணுலதான்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பசங்க கார்ட்டூனைப் படிக்கலை" என்றார் கடைசியில். "உன்னைப் படிச்சிருக்காங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போனை எடுத்து, அறிக்கை வராது என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். என் மகள் பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க. ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். சொல்வதற்கு நாக்கு கூசியது. இருந்தும் சொன்னேன்.

"அட, இதுக்குப் போய்" என்றார். "எண்ண வெச்சிடலாம்மா. அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை." மனுஷி தங்கம். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எண்ணத்தானே தெரியாது? கற்றுக்கொள்வாள். ஐந்து வயதுதான் ஆகிறது.

வெளியே வந்ததும் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. தெருமுனை ஐஸ்கிரீம் கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். உள்ளே ஆறு நிறத்தில் ஆறு தட்டு.

"உனக்கு எது வேணுமோ அதைத் தொடுடி செல்லம்."

அவள் விரல் கண்ணாடியின் இடது ஓரத்தில் புறப்பட்டது. மெதுவாக ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று போனது. அவள் கண் ஐஸ்கிரீமில் இல்லை, என் கையில் இருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். உடனே என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இதுல சரி தப்பு எதுவும் கிடையாதுடா கண்ணு. எது பிடிக்குமோ அதைச் சொல்லு."

கடைக்காரர் கரண்டியோடு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் திரும்பவில்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில் அவள் விரல் கண்ணாடியில் உரசுகிற சத்தம் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இங்க பாரும்மா" என்றாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "எனக்கு எது பிடிக்கும்னு நீ இன்னும் காட்டவே இல்லையே."