நேரலைக்கான ஒரு வரி

அம்மையின் பெட்டியை மூடப் போகும்போது போதகர் என் பக்கம் திரும்பினார். "ஜாஸ்பர் பாத்துக்கிட்டு இருக்கானா மக்கா?" எங்கள் சபையில் இப்போது இதுதான் வழக்கம். பாதி வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவில் கிடக்கிறார்கள். அவர்கள் சபை வெப்சைட்டின் நேரலையில் முகம் பார்த்தாச்சு என்று வீட்டில் ஒருவர் சொன்னால்தான் மூடுவார்கள். அண்ணன் ஜாஸ்பரின் பாஸ்போர்ட் மஸ்கட்டில் கம்பெனி கையில். நான் தலையாட்டினேன். அந்த வெப்சைட்டைச் செய்ததே நான் வேலை பார்க்கும் கோட்டாறு ஆபீஸ், எனக்குத் தெரியாதா! துணியை இழுத்து அம்மையின் முகத்தை மூடினார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்துதான் பீரோவிலிருந்து போனை எடுத்தேன். சாவு வீட்டுப் பெண் போனும் கையுமாக நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணன் அனுப்பியவை வரிசையாகக் கிடந்தன. "ஏட்டி சுஜி, அம்மைய காணல்ல." "ஏதோ கிறிஸ்மஸ் பாட்டுல்லா ஓடுது." "மூடாண்டாம்னு சொல்லு. போன எடுட்டி." கடைசியில் வெறும் "ஏட்டி."

கிறிஸ்மஸ் பாட்டு என்றதுமே புரிந்துவிட்டது. அது எங்கள் டெம்ப்ளேட்டில் மாதிரிக்குப் போட்டு வைத்திருக்கும் வீடியோ. எல்லாச் சபைகளின் வெப்சைட்டும் ஆபீஸில் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் ஒரே பெரிய கிட் ரெப்போவுக்குள், சபைக்கொரு ஃபோல்டராக, அந்த ஒரே டெம்ப்ளேட்டில் பிறந்தவை. டெம்ப்ளேட் மாறினால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மாற்றத்தை ஏற்ற வேண்டும். யாராவது கையால் எதையாவது திருத்தியிருந்தால், உங்கள் வரியா டெம்ப்ளேட்டின் வரியா என்று நின்று கேட்கும். நேற்று சாயங்காலம் கேட்டுக்கொண்டே இருந்தது, சனியன். படுக்கையில் கிடக்கும் அம்மைக்குப் போய்க் கஞ்சி கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் டெம்ப்ளேட்டே நிற்கட்டும் என்று ஒரே கமாண்டை அடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எங்கள் சபையில் ததேயுஸ் பிடிக்கும் கேமராவை வெப்சைட்டில் இணைக்க, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெனின் கையால் எழுதி வைத்திருந்த வரியும் அதில் போயிற்று. விடியுமுன் அம்மையும் போனாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "ததேயுஸ் கேமராவுல எல்லாம் பதிஞ்சிருக்கும் அண்ணா. வாங்கி அனுப்பட்டா?"

"முடிஞ்சு கழிஞ்சதயா?" என்றான். "மூடும்போ நானும் இருக்கணும்னுதானட்டி கேட்டேன்."

நான்தான் தலையாட்டி மூடச் சொன்னேன் என்பதை மறைத்தேன். அவன் வைத்துவிட்டான்.

லேப்டாப்பைத் திறந்தேன். கிட்டில் எதுவும் அழியாது. பெனினின் வரி பழைய கமிட்டில், முன்பு சேமித்த பதிவில், அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டு ஏற்றினேன். ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பாவி, இவ்வளவுதானே வேலை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பக்கம் திறந்தது. கல்லறைத் தோட்டம் தெரிந்தது. ஈர மண் மேடு, மேலே கோணலாகக் கிடக்கும் தோவாளை அரளி மாலை. ததேயுஸ் இன்னும் கேமராவை அணைக்கவில்லை. கீழே பார்ப்பவர் ஒன்று என்று காட்டியது, அது நான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு என்று மாறியது.

ததேயுஸ் வயரைச் சுருட்டிக்கொண்டே நெருங்கி வந்தான். அவன் சட்டை திரை முழுக்க அடைத்தது. கேமராவை மூடக் கை மேலே வந்தது.

"ஏலே மூடாத! மூடாதல!" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.